கடைத் தொலைபேசிக் கம்பியும் இணையமும்: வணிகர்கள் அறிய வேண்டிய பாடம்



காரியாபட்டி வட்டாரத்தில் நம் தொழில் இரண்டு சந்தைகளின் நடுவே நடக்கிறது. வடக்கே மதுரை கீழமாசி வீதி, தென்மேற்கே விருதுநகர் மார்க்கெட். வத்தல், மல்லி, உளுந்து, துவரை, எண்ணெய் எதுவானாலும் அன்றைய விலை அந்த இரண்டு ஊர்களில் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நம் கல்லாப்பெட்டி திறக்கும். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலமும், மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்தபடியே பேசிய காலமும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கடைக்குள் தொலைபேசி வந்த நாளில் நமக்கு அது இன்னொரு தராசு வாங்கியது போலத்தான்.

அந்தத் தொலைபேசியின் தாமிரக் கம்பியிலேயே இணையம் வந்தது. இப்போது அந்தக் கம்பியே போய்க்கொண்டிருக்கிறது. அதில் இணையம் எப்படி ஓடியது, ஏன் சில கடைகளுக்கு வந்து சில கடைகளுக்கு வராமல் போனது, கம்பி போகும்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும். நமக்குக் கணக்கு புதிதல்ல.

பிட்டும் பைட்டும்

முதலில் அளவை. இணைய வேகத்தை விற்பவர்கள் பிட் கணக்கில் விற்கிறார்கள். நாம் அனுப்பும் கோப்பின் அளவு பைட் கணக்கில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நம் பழைய வாய்பாட்டில் எட்டு நாழி ஒரு குறுணி அல்லவா? மதுரை மீனாட்சியம்மன் கோவில் முக்குறுணி விநாயகரை வணங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது. நாழிக் கணக்கில் விலை பேசிவிட்டுக் குறுணிக் கணக்கில் சரக்கு எதிர்பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். வேகத்தில் ‘2 மெகாபிட்’ என்றால், நொடிக்குக் கால் மெகாபைட் கோப்புதான் வரும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில்தான் கிடைத்தது. அப்போது பலருக்கும் கிடைத்த வேகம் 9.6 கிலோபிட். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு வந்து சேர சுமார் 14 நிமிடம் ஆகும். பிறகு 56 கிலோபிட் மோடம் வந்தது. அது முழு வேகத்தில் ஓடினாலும் (எங்கே ஓடியது?) அதே கோப்புக்கு இரண்டரை நிமிடம் ஆகும்.

இந்த ‘டயல் அப்’ முறையில் வியாபாரிக்கு இருந்த பெரிய தொல்லை வேகம் அல்ல. இணையத்தில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசி ‘என்கேஜ்டு’. வாடிக்கைக்காரர் சரக்குச் சொல்லக் கூப்பிடுவார், லைன் கிடைக்காமல் அடுத்த கடைக்குப் போட்டுவிடுவார். இணையக் கட்டணம் தனி, உள்ளூர் அழைப்பு யூனிட் தனி. இரண்டும் கொடுத்து வியாபாரத்தையும் இழப்பதா என்று நம்மில் பலர் அதைத் தொடாமலே இருந்தோம். அது தவறான முடிவென்று சொல்ல முடியாது.

ஒரே கம்பியில் இரண்டு வேலை

மனிதக் குரலைக் கொண்டுபோகத் தொலைபேசிக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் போதும். ஆனால் இரண்டு தாமிரக் கம்பிகள் முறுக்கிய அந்த ஜோடி, அதைப் போலப் பல நூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண்களையும் ஓரளவு தூரம் தாங்கும். பெரிய குடோனை வாடகைக்குப் பிடித்து வாசல் திண்ணையில் மட்டும் ஒரு மூட்டை அடுக்கி வைத்தது போல, நூறு ஆண்டுகளாகக் கம்பியின் உள்ளறைகள் காலியாகவே கிடந்தன.

அந்தக் காலி அறைகளைப் பயன்படுத்துவதுதான் டி.எஸ்.எல். என்ற முறை. அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தின் பொறியாளர் ஜோசப் லெக்லைடர் 1980-களின் பிற்பகுதியில் ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு வரும் பாதையை அகலமாகவும், வீட்டிலிருந்து போகும் பாதையைக் குறுகலாகவும் வைத்தால் ஒரே கம்பிக் கட்டுக்குள் இருக்கும் லைன்கள் ஒன்றையொன்று கெடுப்பது குறையும் என்பது அது. ஏ.டி.எஸ்.எல். என்பதில் முதல் எழுத்து இந்த ஏற்றத்தாழ்வைத்தான் குறிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி, கம்பியின் அதிர்வெண்களை 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு சுத்தமாக இருக்கிறதோ அதில் அதிகச் சரக்கும், இரைச்சல் உள்ளதில் குறைந்த சரக்கும் ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தார். நல்ல லாரிக்கு அதிக லோடு, பழைய லாரிக்குக் குறைந்த லோடு, அவ்வளவுதான். 1993-இல் பெல்கோர் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில் இந்த முறைதான் வென்றது.

இதில் ஒரு வேடிக்கை. தொலைபேசிக் கம்பெனிகள் இதை முதலில் விரும்பியது இணையத்துக்காக அல்ல. வீட்டுக்கு வீடு சினிமா அனுப்பிக் காசு பார்க்கலாம் என்றுதான். அந்த வியாபாரம் அப்போது படுத்துவிட்டது. சினிமாவுக்காகச் செய்த வண்டியில்தான் பிற்காலத்தில் நம் வரிக்கணக்கு போனது.

நம் நாட்டிலும் இந்த முயற்சிக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, அதுவும் சென்னையிலேயே. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்ற டெநெட் குழுவும், அதனோடு சேர்ந்த பன்யன் நெட்வொர்க்ஸ் நிறுவனமும் ‘டயஸ்’ என்ற கருவியை உருவாக்கின. டயல் செய்யாமல், தொலைபேசியையும் தடுக்காமல், அதே கம்பியில் எப்போதும் இணைப்பில் இருப்பது அதன் சிறப்பு. சில நகரங்களில் அது பயன்பாட்டுக்கும் வந்தது. இதே குழுதான் கம்பியே இல்லாத ‘கோர்டெக்ட்’ முறையையும் கொண்டுவந்தது. ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானால் நாட்டில் எத்தனை குடும்பம் அதைத் தாங்கும், அதைப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2001-இல் நம் பக்கத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டது இந்தக் கோர்டெக்ட் முறையில்தான். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் கம்பி போகாத ஊருக்கும் அன்று அது போனது.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டு, குறைந்தது 256 கிலோபிட் இருந்தால்தான் அந்தப் பெயர் என்று வரையறுத்தது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். வகைச் சேவையைத் தொடங்கியது. 256 கிலோபிட்டில் ஒரு மெகாபைட் 32 நொடியில் வரும். 2007-இல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். அதே கோப்பு 4 நொடி.

வேகம் கூடியது நமக்கு லாபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் திட்டத்தின் மாத அளவு அப்படியே இருந்தால்? மாதம் 1 ஜி.பி. அளவுள்ள திட்டத்தை 2 மெகாபிட் வேகத்தில் விடாமல் இழுத்தால் 70 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக்கட்டணம். கம்ப்யூட்டர் தானாகவே புதுப்பித்துக்கொண்டதற்கெல்லாம் பில் வந்து, மளிகைச் சிட்டை நீளத்துக்கு அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை என்ற சலுகைத் திட்டமும் இருந்தது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்த பிள்ளைகள் பலர் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத காரணம்

போன் இருந்தும் பிராட்பேண்ட் கிடைக்காதவர்கள் நம் சுற்றுக் கிராமங்களில் நிறையப் பேர். ‘டவுனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா’ என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வியே. அதற்கான காரணத்தைக் கம்பியில்தான் தேட வேண்டும்.

கண்மாய் மடையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டால், வழிநெடுக மண் குடித்தது போகத்தான் கடைமடைக்கு வரும். தாமிரக் கம்பியும் அப்படியே. குரலுக்கான தாழ்ந்த அதிர்வெண் அதிகம் இழக்காமல் வெகுதூரம் போகும். இணையத்துக்கான உயர்ந்த அதிர்வெண் வழியிலேயே மெலிந்துவிடும்; உயர உயர இழப்பும் கூடும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்ற வகை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டருக்குள், கம்பி நல்ல நிலையில் இருந்தால், 20 மெகாபிட்டையும் தாண்டும். மூன்று கிலோமீட்டரில் அதில் பாதி கூடத் தேறாது. ஐந்து கிலோமீட்டரில் ஒன்றிரண்டு மெகாபிட் வந்தால் அதிர்ஷ்டம். அதற்கப்பால் போன் மட்டும் பேசலாம். இந்தத் தூரம் ரோட்டுத் தூரமல்ல, கேபிள் சுற்றிவரும் தூரம். வானம் பார்த்த பூமியில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறும் கரிசல் காடாகக் கிடக்கும் நம் பகுதிக்கு இந்த ஐந்து கிலோமீட்டர் எல்லை போதவே இல்லை.

கம்பி கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரோடு அகலப்படுத்தத் தோண்டும்போது கேபிள் அறுபடும். சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பேச்சு கேட்கும். ஐப்பசி மழையில் அந்த இணைப்பில் ஈரம் இறங்கினால் முதலில் சாவது இணையம்தான். தாமிரத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை என்பதால் கேபிள் திருட்டும் கூடியது. 2020 சனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். எந்தக் கம்பத்தில் எந்த ஜோடி என்று மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்கள் பலர் அதில் அடக்கம். அந்த அறிவு எந்த ரிஜிஸ்டரிலும் எழுதி வைக்கப்படவில்லை.

எங்கள் கடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இணைப்பு வாங்கிய புதிதில், போன் மணி அடித்தால் இணையம் அறுந்துபோகும். பேசி முடித்துச் சில நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரும். இரண்டு வாரம் புகார் மேல் புகார். வந்து பார்த்தவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரே கடைக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். கடை லைனிலிருந்தே நாங்களாக ஒரு ஒயர் இழுத்து வீட்டில் இன்னொரு போன் வைத்திருந்தோம். அந்த ஒயர் ‘ஸ்ப்ளிட்டர்’ என்ற சிறு பெட்டிக்கு முன்பே பிரிந்திருந்தது. குரலையும் இணையத்தையும் பிரித்துவிடும் அந்தப் பெட்டியைத் தாண்டாமல் எந்தப் போன் இணைந்தாலும், மணி அடிக்கும்போது வரும் மின்னழுத்தம் இணைய அலையைக் குலைத்துவிடும். ஒயரை வெட்டி ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இணைத்தார். பத்து நிமிட வேலை. நாங்கள் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பேசிய பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தோம்.

இன்னும் தாமிர லைனில் இருப்பவர்கள் இதையும், மோடத்தில் ‘டி.எஸ்.எல்.’ என்று எழுதிய விளக்கையும் பாருங்கள். அது நிலையாக எரிந்தும் இணையம் வராவிட்டால் கோளாறு கம்பியில் இல்லை. விட்டுவிட்டு மின்னினால் கம்பியையோ இணைப்புகளையோ பார்க்க வேண்டும். புகார் கொடுக்கும்போது இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே பாதி அலைச்சல் மிச்சம்.

இன்று நமக்கு எவ்வளவு வேகம் தேவை?

2007 சனவரி 1-இல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோதும், 2017 சூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் நம்மில் பலர் கணக்கரிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டோம். இனி அது நடக்காது. மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். வெளிமாநிலத்துக்கு 50 ஆயிரத்துக்கு மேல். லாரி வாசலில் நிற்கும்போது இணையம் நின்றால் வாடகை ஏறும். கடைசி நாளில் ரிட்டன் போகாவிட்டால், வரி கட்ட வேண்டியவருக்கு 3பி படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி.

இந்த வேலைகள் எதற்கும் பெரிய வேகம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பில் பதிவேற்றம் சில கிலோபைட். யு.பி.ஐ. பணம் அதைவிடச் சிறியது. ஆகவே 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று விளம்பரம் செய்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதத்தில் எத்தனை நாள் நிற்கும்? நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? உள்ளூரில் ஆள் இருக்கிறாரா? தாமிரத்தில் 2 மெகாபிட் ஒழுங்காக வந்தவரைக்கும் மளிகைக் கடைக்கு அது தாராளம். வேகத்தால் அல்ல, அறுந்து அறுந்து போனதால்தான் அது நம் கையை விட்டுப் போனது என்பது எங்கள் கருத்து.

போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையை மூட 2027 சனவரி என்று நாள் குறித்தார்கள். பிரான்சு 2030-க்குள் தாமிரத்தை முடித்துவிடத் திட்டமிட்டது. இங்கே பி.எஸ்.என்.எல். தாமிர லைன்களை ஃபைபருக்கு மாற்றி வருகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி போகிறது. இருபது கிலோமீட்டர் வரை சாதாரணமாகப் போகும் என்பதால் கடைமடைப் பிரச்சினை இல்லை. ஈரத்தில் தாமிரம் போலக் கெடாது. பழைய இரும்புக் கடையில் விலை போகாது என்பதால் திருடனுக்கும் அதில் ஆசை இல்லை.

ஆனால் தாமிரத்தில் நாம் கவனிக்காமலே அனுபவித்த ஒரு வசதி ஃபைபரில் கிடையாது. பழைய போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்தக் கம்பி வழியாக வந்தது. ஊரே இருட்டாகக் கிடந்தாலும் கடைப் போன் மணி அடித்தது அதனால்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் கடையிலுள்ள ஃபைபர் பெட்டி அணையும். இணையமும் போகும், அதில் மாட்டிய போனும் போகும். ஃபைபருக்கு மாறுகிறவர்கள் அந்தப் பெட்டியை முதல் நாளே இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும் என்று, ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் செல்போன் சிம் வேறொரு கம்பெனியாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து நம்பர். 04566 கோடு போட்டு அடிக்கும் அந்தப் பழைய நம்பர் நம் பில் புத்தகத்தில் இருக்கிறது, போர்டில் இருக்கிறது, கல்யாணச் சாமானுக்கு மூன்று தலைமுறையாக வரும் குடும்பத்தின் டைரியில் இருக்கிறது. லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டுப் புதிதாக ஃபைபர் எழுதிக் கொடுத்தால் புது நம்பர்தான் வரும். சரண்டர் செய்யாமல், பழைய நம்பரையே ஃபைபருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பத்தில் எழுதுங்கள். உங்கள் நம்பருக்கு அது முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, முடியும் என்ற பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவசரத்தில் சரண்டர் செய்தவர்கள் பிறகு அலைந்ததைப் பார்த்திருக்கிறோம்.

இணைப்பை யார் பெயரில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பையன் பெயரில், வீட்டு முகவரியில் எடுத்தால் பில்லில் உள்ள 18 சதவீத வரி அதோடு போயிற்று. கடை பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் எடுத்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மாதம் 600 ரூபாய்த் திட்டமானால் வரி 108. வருடத்துக்கு 1,296 ரூபாய். சமாதானத் திட்டத்தில் வரி கட்டுபவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. அவர்கள் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

கடைசியாக, பழைய லைனுக்கு நாம் கட்டிய டெபாசிட். பல ஆண்டுகளுக்கு முன் கட்டியது என்பதால் பலருக்கு அது நினைவிலேயே இல்லை. பழைய ரசீதைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் கடைசி பில்லின் நகலை வைத்து எழுத்து மூலம் கேளுங்கள். வாடகை மோடம் வைத்திருந்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதி போட்டு ரசீது வாங்காமல் வரவேண்டாம். மோடம் வரவில்லை என்று டெபாசிட்டில் பிடித்தம் செய்தால் காட்டுவதற்கு அந்த ஒரு காகிதம்தான் நம் கையில் இருக்கும்.